மழைக்கோட்டு போட்ட நிலா

நிலாவுக்கு முகம் இல்லை.

கடுகு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இல்லவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கடைசியாகப் பார்த்தபோது அந்தக் கண்ணாடி நிலாவுக்குச் சிவந்த கன்னம் இருந்தது. சிரித்த வாய் இருந்தது. ஒரு கண் திறந்திருக்கும், ஒரு கண் மூடியிருக்கும். பார்க்கிறவர்களை எல்லாம் பார்த்து அது கண்ணடிக்கும். இப்போது அவள் கையில் இருந்தது மொழுமொழுவென்று ஒரு வெள்ளி வட்டம். வழித்துத் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

"சோப்பு!" என்று கடுகு அலறினாள்.

அறையில் சோப்பு எதுவும் இல்லை. குளிக்கிற சோப்பும் இல்லை, துவைக்கிற சோப்பும் இல்லை. சோப்பு என்பது அவளுடைய பெரியம்மா மகன்.

அவன் எதைப் பார்த்தாலும் கழுவிவிடுவான். கோலிக்குண்டைக் கழுவுவான். பென்சிலைக் கழுவுவான். ஒருமுறை நூலகப் புத்தகத்தில் கறை இருக்கிறது என்று அதையும் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தான். அன்றிலிருந்து வீட்டில், தெருவில், பள்ளியில் எல்லாருக்கும் அவன் சோப்புதான். நூலகத்தில் மட்டும் அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத முடியாது.

கடுகுக்கு ஏன் கடுகு என்று பெயர் வந்தது என்று கேட்கவே வேண்டாம். கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள். அவளுக்கு வயது பத்து. சோப்பு அவளைவிட ஒன்றரை வருடம் மூத்தவன். அதனால் சாதாரண நாட்களில் அவனை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் முதலில் காணாமல் போவது அந்த "அண்ணா"தான்.

கூடத்தின் மூலையில் ஒரு வாளி நிறையக் கல்லைப் போட்டு, அதன் நடுவே கிறிஸ்துமஸ் மரத்தை நட்டு வைத்திருந்தார்கள். மரத்துக்குக் கீழே அந்தப் பெட்டி திறந்து கிடந்தது.

அது சாதாரணப் பெட்டி இல்லை. அம்மாவின் தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் அதை வாங்கி வந்தாராம். மரப்பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி ஒட்டிய சின்னச் சின்ன அறைகள். மூடியின் உட்பக்கம் ஒரு படம். அதில் கொசுவம் வைத்த கழுத்துப்பட்டி போட்ட பிள்ளைகள், மெழுகுவத்தி ஏற்றிய மரத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விக்டோரியா மகாராணி காலத்து வீடுகளில் இப்படித்தான் மரத்தை அலங்கரிப்பார்கள் என்று அப்பா சொல்வார்.

பெட்டிக்குள் கிளையைக் கவ்விப் பிடிக்கிற தகர மெழுகுவத்திக் கிண்ணங்கள் இருந்தன. தங்க வண்ணம் பூசிய அட்டை யானை, அட்டைக் கப்பல், அட்டை மீன் இருந்தன. மணிச்சரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்னிரண்டு கண்ணாடிப் பொருட்கள் இருந்தன. ஊதிச் செய்தவை. உள்ளே வெள்ளிப் பூச்சு, வெளியே கையால் தீட்டிய வண்ணம். பறவை, மணி, திராட்சைக் கொத்து, பூப்போட்ட உருண்டைகள், கடைசியில் நிலா.

பெட்டி ஒரு வருடம் அம்மா வீட்டில், ஒரு வருடம் பெரியம்மா வீட்டில் இருக்கும். அக்காளும் தங்கையும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறதோ அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து மரத்தை அலங்கரிப்பார்கள். நிலாவைக் கடைசியாக மாட்டுவார்கள். மாட்டுவது கடுகுதான். அவள்தான் கடைக்குட்டி.

போன வருடம் பெரியம்மா வீட்டு முறை. ஆனால் சோப்புக்குக் காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும், யாரும் வர வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அதனால் கடுகு நிலாவைப் பார்த்து முழுசாக இரண்டு வருடம் ஆகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் சோப்பும் பெரியப்பாவும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். "நாளைக்கு நாலு மணிக்கு அவங்க வருவாங்க. அதுவரைக்கும் தொடாதே" என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

காலை பதினோரு மணிக்கே கடுகு பெட்டியைத் திறந்துவிட்டாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா பஸ் ஓட்டப் போயிருந்தார். யார் கேட்கப் போகிறார்கள்?

பன்னிரண்டு கண்ணாடிப் பொருளும் பன்னிரண்டு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. ஒவ்வொரு கவரின் வாயிலும் ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர். டர் டர்ரென்று நட்சத்திரத்தைக் கிழித்தாள். கவரைப் பிய்த்து உதறினாள். வெறும் உருண்டை. இன்னொரு கவர். இன்னொரு வெறும் உருண்டை. பறவைக்குக் கண் இல்லை. திராட்சையில் ஊதா நிறம் இல்லை. கடைசியில் நிலா. அதற்கு முகமே இல்லை.

அட்டை யானை மட்டும் பளபளவென்று அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் கடுகுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அட்டையைத் தண்ணியில போட்டா ஊறிடும்னு அதை மட்டும் விட்டுட்டான் பாரு! மத்த எல்லாத்தையும் சோப்புத் தண்ணியில முக்கி எடுத்துட்டான்! வரட்டும், நாலு மணிக்கு வரட்டும்!"

கீழே கிடந்த கவர்களை எல்லாம் சோபாவுக்கு அடியில் உதைத்துத் தள்ளினாள். கோபத்தில் கால் சோபாவில் இடித்துக்கொண்டது. அதற்கும் சேர்த்து சோப்பைத் திட்டினாள்.

இரண்டு மணிக்கு அம்மா வந்தார். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை வெட்டிச் சட்டத்தில் பொருத்துவார். தலைமுடி அளவு பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பெட்டியைத் திறந்ததற்கு முதலில் இரண்டு திட்டு விழுந்தது. அப்புறம் அம்மா மணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"ஒரு கீறல்கூட இல்ல. பெயின்ட் மட்டும் சுத்தமாப் போயிருக்கு" என்றார்.

"கழுவியிருக்கான்மா! வேற யாரு இப்படிப் பண்ணுவா? போன தடவை நான் எவ்வளவு பத்திரமா எடுத்து வச்சேன்! ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கவர்! நீதானே கடையிலேர்ந்து கொண்டுவந்து குடுத்த?"

"ஆமா. கண்ணாடி வச்சுக் குடுக்கிற கவர், மெத்துன்னு இருக்குமே."

"வாயில ஒட்டறதுக்கு என் நட்சத்திரம் பன்னிரண்டு! வருஷம் பூரா வீட்டுப்பாடம் எழுதி டீச்சர்கிட்ட வாங்கினது! அதையும் ஒட்டி வச்சேன். அவ்வளவும் பண்ணி அவங்ககிட்ட குடுத்தா, அவன் கழுவித் தொலைச்சிருக்கான்!"

அம்மா எதுவும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். கடுகு கோபத்தில் கத்துவாள். அம்மா கோபத்தில் பாத்திரம் கழுவுவார். அன்று சுத்தமாக இருந்த பாத்திரத்தை எல்லாம் இன்னொரு முறை கழுவினார்.

சரியாக நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

பெரியம்மா கையில் வண்ணக் காகிதச் சுருளோடு சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். அவருடைய புடவையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. பின்னால் சோப்பு வந்தான். ஷூவைக் கழற்றினான். இரண்டையும் நேராக வைத்தான். அது கொஞ்சம் கோணலாக இருக்கவே திரும்பவும் நேராக வைத்தான்.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்றான்.

அவ்வளவுதான்.

"கழுவு! கழுவுடா! எல்லாத்தையும் கழுவு!" என்று கடுகு பாய்ந்தாள். "கையைக் கழுவு, காலைக் கழுவு, நிலாவைக் கழுவு! ஏன் விட்டு வச்சே? யானையையும் கழுவியிருக்க வேண்டியதுதானே?"

சோப்பு திருதிருவென்று விழித்தான். "எந்த யானை?"

கடுகு நிலாவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது என்ன? சொல்லு, இது என்ன?"

சோப்பு நிலாவைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. "ஐயோ... முகம் எங்க? நாங்க இதைத் திற..."

சட்டென்று நிறுத்திவிட்டான். திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். பெரியம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. காகிதச் சுருளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன முழிக்கிறே? கழுவினியா இல்லையா?" என்றாள் கடுகு.

சோப்பு தரையைப் பார்த்தான். "ஆமா. நான்தான் கழுவினேன்."

"டேய்..." என்றார் பெரியம்மா.

அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். "அக்கா, உனக்கு இது தெரியுமா?"

பெரியம்மா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம பெட்டியைக் குடுத்து அனுப்பிச்சியா? தாத்தா வாங்கினது அக்கா, நூறு வருஷத்துக்கு மேல ஆன சாமான்! உடைஞ்சிருந்தாக்கூட ஆறியிருப்பேன். இப்படிச் சொல்லாம வச்சிட்டியே, அதைத்தான் தாங்க முடியல."

"சின்னப் பிள்ளையைப் போய் இப்படிக் கூண்டுல நிறுத்திக் கேள்வி கேக்குறீங்களே ரெண்டு பேரும்!" பெரியம்மாவின் குரலும் ஏறியது. "எப்பவும் நீ இப்படித்தான்டி. சின்ன வயசுல உன் கவுன்ல மை கொட்டினப்பவும் என்னைத்தான் சொன்னே!"

"நீதானே கொட்டினே!"

"கொட்டினேன்! அதுக்கு முப்பது வருஷமா சொல்லிக் காட்டணுமா?"

"இனிமே இந்தப் பெட்டி இங்கயே இருக்கட்டும். உனக்குப் பார்த்துக்கத் தெரியல" என்றார் அம்மா.

பெரியம்மா காகிதச் சுருளை நாற்காலியில் வைத்தார்.

"வச்சுக்கோ. பெட்டியை நீயே வச்சுக்கோ. மரத்தையும் நீயே அலங்காரம் பண்ணிக்கோ. இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். கிளம்புடா."

சோப்பு ஷூவில் காலை நுழைத்தான். நாடாவைக்கூடக் கட்டவில்லை. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கடுகு ஜெயித்துவிட்டாள். குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் நெஞ்சுக்குள் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. இன்னும் கொதித்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நின்னது போதும். கூடத்தைக் கூட்டு" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினார். பாத்திரங்கள் மூன்றாவது முறை குளிக்கத் தொடங்கின.

கடுகு துடைப்பத்தைச் சோபாவுக்கு அடியில் விட்டு இழுத்தாள். தூசி வந்தது. ஒரு பொத்தான் வந்தது. கவர்கள் வந்தன. ஒரு கவர் அவள் காலில் ஒட்டிக்கொண்டது. எரிச்சலோடு பிய்த்து எடுத்தாள்.

கவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

கடுகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கவரின் உட்பக்கத்தில் சிவந்த கன்னம் ஒட்டியிருந்தது. சிரித்த வாய் ஒட்டியிருந்தது. ஒரு திறந்த கண், ஒரு மூடிய கண். நிலாவின் முகம் மொத்தமும் பிளாஸ்டிக்கில் இருந்தது.

அவசர அவசரமாக மற்ற கவர்களை விரித்துப் பார்த்தாள். ஒன்றில் பறவையின் கண். ஒன்றில் ஊதாத் திராட்சை. ஒன்றில் ரோஜாப்பூ, இலையோடு. யாரும் எதையும் கழுவவில்லை. மெத்தென்ற அந்தக் கவர் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்து இளகி, பழைய பெயின்ட்டை உரித்துத் தன்னோடு ஒட்ட வைத்துக்கொண்டுவிட்டது. அவள் போட்ட கவர். அவளே ஆசை ஆசையாகப் போட்ட கவர்.

கவரின் வாயில் பாதி நட்சத்திரம் இருந்தது. மடிப்பில் மறுபாதி இருந்தது. காலையில் அவள் கிழித்த கிழிசல். பன்னிரண்டு கவரிலும் அப்படியே.

கடுகு யோசித்தாள். நட்சத்திரத்தைக் கிழிக்காமல் கவரைத் திறக்க முடியாது. காலையில் அவள் கிழிக்கும்வரை எல்லா நட்சத்திரமும் முழுசாகத்தான் இருந்தன. அப்படியென்றால் போன வருடம் இந்தக் கவரை யாரும் திறக்கவே இல்லை. திறக்காதவன் எப்படிக் கழுவியிருப்பான்?

"பொய்யன்!" என்று கடுகு கத்தினாள். "கழுவாமலே கழுவினேன்னு சொல்லியிருக்கான், பொய்யன்!"

கவர்களை அள்ளிக்கொண்டு ஓடினாள். மூன்று மாடி. படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். "கதவைத் திறந்து போட்டுட்டு எங்கடி ஓடுறே?" என்று அம்மாவின் குரல் பின்னால் வந்தது. நின்று பதில் சொல்ல நேரமில்லை. ஐந்து மணி பஸ்ஸில் ஏறிவிட்டால் பெரியம்மா போய்விடுவார். போனால் திரும்பி வர மாட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பஸ் நிறுத்தத்தில் பெரியம்மா பெஞ்சின் ஓரத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சோப்பு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் ஷூவில் சேறு தெறித்திருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. ஆனாலும் அவன் கழுவவில்லை.

அவன் சட்டையைப் பிடித்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் இழுத்தாள்.

"ஏன்டா பொய் சொன்னே?"

"விடு. சட்டை கசங்குது."

"கசங்கட்டும்! இதைப் பாரு." கவரை அவன் முகத்துக்கு எதிரே விரித்தாள். "நீ கழுவல. நான் போட்ட கவர்லதான் எல்லாம் ஒட்டிக்கிச்சு. காலையில நான் கிழிக்கிற வரைக்கும் நட்சத்திரம்கூடக் கிழியல. நீங்க பெட்டியைத் திறக்கவே இல்ல. இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

சோப்பு பெஞ்சின் பக்கம் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"போன வருஷம் அப்பா வேலை பார்த்த அச்சகத்தை மூடிட்டாங்க. நாங்க ஒரே ஒரு ரூமுக்குக் குடி போனோம். தகரக் கூரை. அதுல நாங்க மூணு பேர் படுக்கவே இடம் பத்தல. மரத்தை எங்க வைக்கிறது? பெட்டி பீரோ மேலயே இருந்துச்சு."

"அப்போ காய்ச்சல்?"

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க வந்து பார்த்திடக் கூடாதுன்னு அம்மாதான் அப்படிச் சொன்னாங்க. சித்திக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்களாம். இப்போ அப்பாவுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சு, வேற வீட்டுக்கும் வந்துட்டோம். ஆனா அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. திறக்கலன்னு சொன்னா, ஏன் திறக்கலன்னு கேப்பீங்க இல்ல?"

கடுகுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த முறை யார்மேல் என்று நன்றாகத் தெரிந்தது. கத்துவதற்கு முன்னால் அவள் ஒரே ஒரு கவரைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். இரண்டு நொடி வேலை.

"நீயும் சொல்லிடாதே" என்றான் சோப்பு.

"சொல்ல மாட்டேன்" என்றாள் கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா நீ கழுவினேன்னு இருக்கவும் விட மாட்டேன்."

தெரு முனையில் பஸ் திரும்பியது. பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதே நேரம் எதிர்ப் பக்கத்திலிருந்து அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். ஒரு காலில் அம்மாவின் செருப்பு, மறு காலில் அப்பாவின் செருப்பு.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. கடுகு கையை விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் ஏறக் கூடாது!"

"என்னடா இது?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது அப்பா. ஐந்து மணி வண்டி அவருடையதுதான். "கடுகு, நகரு. வண்டி கிளம்பணும்."

"பெரியம்மா, நான்தான் கெடுத்தேன்!" என்று கடுகு கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். "யாரும் கழுவல. ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்ட கவர்தான் பெயின்ட்டை உரிச்சிடுச்சு. இதோ பாருங்க, நிலா இதுல இருக்கு, திராட்சை இதுல இருக்கு. நான் பார்க்காம கத்திட்டேன். தப்பு என் பேர்லதான். அண்ணா மேல ஒரு தப்பும் இல்ல!"

அம்மா கவரை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கவர் கொண்டுவந்து குடுத்தது நானாச்சே" என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் அவர் புருவம் நெரிந்தது. தலைமுடி அளவு பிசகினாலும் தப்பாத கண் ஆயிற்றே. "சரி, இவன் ஏன் கழுவினேன்னு சொன்னான்?"

"நான் கத்தின கத்தல்ல யாரா இருந்தாலும் ஒத்துக்குவாங்க" என்றாள் கடுகு சட்டென்று.

"அப்போ போன வருஷம் மரத்துல மாட்டும்போதே இது தெரிஞ்சிருக்குமே? அக்கா, நீ பார்க்கலையா?"

கடுகு வாயை இறுக மூடிக்கொண்டாள். சோப்பு தன் ஷூவைப் பார்த்தான். பெரியம்மா இரண்டு பேரையும் பார்த்தார். கையிலிருந்த பாதி நட்சத்திரத்தைக் கடுகு விரலுக்குள் மடக்கி மறைப்பதையும் பார்த்தார்.

"ஏறுறீங்களா இல்லையா?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஏறல!" என்று பெரியம்மா அவரிடம் கத்தினார். அப்புறம் அதே கோபத்தோடு அம்மா பக்கம் திரும்பினார். "மாட்டல! போன வருஷம் நாங்க மரமே வைக்கல. போதுமா? இவன் அப்பாவுக்கு வேலை போச்சு. ஒரு ரூம்ல இருந்தோம். பெட்டியைத் திறக்கவே இல்ல. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. என் பிள்ளை எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிட்டான். இப்போ உன் பொண்ணும் தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்குது. இந்தப் பொடிசுங்களுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்ல!"

அம்மா அசையாமல் நின்றார். பிறகு வெடித்தார். கடுகுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரிந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவே!"

"அழுதா என்ன? எனக்கு அழத் தெரியாதா? நீ ஒரு ரூம்ல புழுங்கிட்டு இருந்திருக்கே, நான் இங்க காய்ச்சல் குறைஞ்சுதான்னு போன்ல கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!"

"கத்தாதடி, எல்லாரும் பார்க்கிறாங்க!"

"பார்க்கட்டும்! நீ என் அக்காதானே? இல்ல வேற யாராவதா?"

இரண்டு பேரும் முன்பைவிடச் சத்தமாகத்தான் சண்டை போட்டார்கள். ஆனால் அம்மாவின் கை பெரியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. பெரியம்மாவும் அதை உதறவில்லை. இப்படிக்கூடச் சண்டை போடலாமா என்று கடுகு ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அண்ணி," என்று அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார், "நீங்க ஏறலன்னா நான் கிளம்புறேன். பின்னாடி பத்து வண்டி நிக்குது. மரத்துல எனக்கும் ஒரு கிளை மிச்சம் வைங்க." கதவு மூடியது. ஜன்னலில் இருந்த அத்தனை முகங்களும் வேண்டா வெறுப்பாகப் போயின. பாதிக் கதையில் போக யாருக்குத்தான் பிடிக்கும்?

வீட்டுக்கு வந்ததும் சோப்பு ஷூவைக் கழற்றினான், கழுவினான், நேராக வைத்தான். அப்புறம் கவர்களைப் பார்த்தான்.

"சோபாவுக்கு அடியில கிடந்தது. ஒரே தூசி. லேசா ஒரு அலசு..."

"தொட்டே, கடிச்சிடுவேன்!" என்று கடுகு கவர்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அணைத்தபோதுதான் அது தோன்றியது. முகம் தொலைந்து போகவில்லை. சட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சட்டையை மறுபடி மாட்டினால்?

நிலாவை எடுத்துக் கவருக்குள் மெல்ல நுழைத்தாள். அங்கே இங்கே நகர்த்தினாள். அம்மா தன் வேலைக் கண்ணை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் இடது பக்கம். இன்னும் தலைமுடி அளவு. அப்படியே நிறுத்து" என்றார். கன்னம் வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. வெள்ளிப் பூச்சு பின்னாலிருந்து மின்னியது. கவரின் ஓரத்தைப் பெரியம்மா அழகாக மடித்துவிட்டார். இஸ்திரி போடுகிற கை, மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது.

"மழைக்கோட்டு போட்ட நிலா" என்றான் சோப்பு.

பறவைக்கும் மழைக்கோட்டு மாட்டினார்கள். திராட்சைக்கும் மாட்டினார்கள். அட்டை யானை நடுக் கிளையில் ஏறியது. தகரக் கிண்ணங்கள் கிளைகளைக் கவ்விக்கொண்டன. அப்பாவுக்காக ஒரு கிளையை விட்டு வைத்தார்கள். கடைசியில் கடுகு ஸ்டூலில் ஏறி நிலாவை மாட்டினாள்.

கவரில் ஒரு மடிப்பு விழுந்திருந்ததால் நிலாவின் புருவம் நெரிந்து, வாய் கோணிக்கொண்டு, கண்ணடிக்கிற முகம் இப்போது முறைக்கிற முகமாக இருந்தது.

"யாரோ மாதிரி இருக்கே?" என்றார் பெரியம்மா.

எல்லாரும் கடுகைப் பார்த்தார்கள். கடுகு முறைத்தாள். சந்தேகமே இல்லை, அச்சு அசல்.

பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் மெல்லிய காகிதத்தில் பொதிந்து பெட்டியில் வைத்தார்கள். நிலாவுக்கும் மற்றவைக்கும் மழைக்கோட்டு அப்படியே இருந்தது, அதன்மேல் காகிதம். அடுத்த வருடம் பெரியம்மா வீட்டு முறை. இனி யாரும் தப்புச் செய்யக் கூடாது என்று, கடுகு ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மூடியின்மேல் ஒட்டினாள்.

"புதுசாகக் கவர் போடாதே. கழுவாதே."

தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், அதற்குக் கீழே சுத்தமான கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

"முதலில் பார். அப்புறம் கத்து."

கடுகுக்கு மூக்கு சிவந்தது. காது சிவந்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அண்ணா!"